ஏற்றாத இரண்டு பாட்டில்

1

என் மைத்துனன் சுடலைமுத்து போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தான். வழக்கமாக மழை, அணையில் தண்ணீர், தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஆரம்பிப்பவன், இந்த முறை நேராக விசாரணையில் இறங்கினான்.

"என்ன அத்தான், அக்காவுக்கு ரத்தம் குடுக்க வந்த ஆளுவள திருப்பி அனுப்பிட்டியளாமே. ஒரு சொட்டு ஏத்தாம ஆப்பரேசன் பண்ணுனாவளாம். கொடைக்கு வந்த இசக்கி ஊரு பூரா சொல்லிட்டுப் போயிருக்கான்."

இசக்கி எங்கள் ஊர்க்காரன். இங்கே கரமனையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். ஊர்க் கோயில் கொடைக்குப் போனவன், சாமியிடம் சொல்ல வேண்டியதை மனிதர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். நான் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் தன் மனைவிக்கு ரத்தம் ஏற்ற விடவில்லை என்பது, நாயனக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் இல்லை என்பது போன்ற செய்தி. ஊர் பேசத்தான் செய்யும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஆகவே பத்திரிகையில் இந்தக் குறிப்பு.

2

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பனியைப் பற்றியும் விமான நிலையத்தைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை. நான் மலையைத் தாண்டியவன் மட்டுமே. கேரளப் பக்கத்துப் போனக்காட்டு எஸ்டேட்டில் நின்று பார்த்தால் தெரிகிற மலை, அம்பையிலிருந்து தெரிகிற அதே மலைதான். நீங்கள் முகத்தைப் பார்க்கிறீர்கள், நாங்கள் முதுகை. நடுவில் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் மறுபக்கம் இறங்கியவன் மறுபடி ஏறி வந்து அதே ஆளாக நின்றதாக எனக்குத் தெரிந்து வரலாறு இல்லை.

என் மகள் கோமதி கொச்சியில் வங்கி வேலை. மலையாளக் குடும்பத்தில் திருமணம். அவளிடம் தமிழ் இருக்கிறது, எங்களோடு பேசும்போது மட்டும் எடுத்து உடுத்துவாள். பேத்திக்கு அதுவும் இல்லை. வீடியோ அழைப்பில் வந்து, "அம்மும்ம, காலு வேதனை உண்டோ?" என்று பாட்டியைக் கேட்பாள். பாட்டி தமிழில் பதில் சொல்வாள். பேத்தி தாயின் முகத்தைப் பார்ப்பாள். மொழிபெயர்ப்பு வருவதற்குள் வலியின் சுவாரசியம் போய்விடும்.

வலி என் மனைவி பகவதிக்கு, இடது இடுப்பு மூட்டில். எலும்பு தேய்ந்து, அடுப்படியில் நிற்க முடியாமல், முக்காலி போட்டு உட்கார்ந்து சமைக்கத் தொடங்கினாள். பிறகு முக்காலியிலிருந்து எழுவதே ஒரு காரியமாயிற்று. மூட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள்.

3

அறுவைச் சிகிச்சை என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது என்ன நோய் என்றல்ல, என்ன குரூப் என்றுதான். இந்த ஊருக்குப் பிழைக்க வந்த திருநெல்வேலி ஆட்களிடம் இது ஒரு முறைமையாகவே வளர்ந்துவிட்டது. கொத்தனாரோ, ஓட்டல்காரரோ, சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவரோ, யார் வீட்டு ஆளாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய்க் கை நீட்டுவார்கள். சொந்தபந்தம் இல்லாத ஊரில் சொந்தபந்தம் உண்டு என்று காட்ட அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. நோயாளி தேறியதும் அந்த வீட்டில் ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒரு சாப்பாடு. அந்தப் பந்தியில் இலை கிடைப்பது ஒரு மரியாதை. நான் வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கூட்டத்தை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புவதே என் பாதி உத்தியோகம். அப்படி வந்தவர்களில் முதல் ஆளாகக் கை நீட்டுகிறவன் இசக்கி.

எனவே பகவதியின் தேதி தெரிந்ததும் அவனே கிளம்பிவிட்டான். மயக்க மருந்து டாக்டரிடம் நாங்கள் பரிசோதனைக்குப் போன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் இசக்கியோடு ஓட்டல் ஆட்கள் ஏழு பேர் குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரையும் அழைக்கவில்லை. அழைத்தா வருவார்கள்?

"அண்ணாச்சி, ஆளு ரெடி. ரெண்டு பாட்டில்னு சொன்னா நாலா எடுத்துக்கிடட்டும். மதினிக்குக் குறை வச்சிரக் கூடாது கேட்டியளா," என்றான் இசக்கி.

பாட்டில் என்ற சொல் அந்தக் காலத்துக் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து வந்தது. கண்ணாடி போய்ப் பிளாஸ்டிக் பை வந்து எத்தனையோ காலம் ஆகிறது. சொல் மட்டும் உடையவில்லை.

4

இரண்டு பாட்டில் கணக்கு எங்கள் காலத்துக் கணக்கு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே என்றால் பெயில், ஏற்றித்தான் பாஸ் ஆக்க வேண்டும். ஒரே ஒரு பாட்டில் கேட்டுச் சீட்டு எழுதி அனுப்பிய இளம் டாக்டர்களைப் பெரிய டாக்டர்கள் கிண்டல் செய்வார்கள். ஒரு பாட்டிலில் சரியாகிற ஆளுக்கு அந்த ஒன்றுமே தேவையில்லை என்பது வாதம். அந்த வாதத்தைக் கேட்டவர்கள் ஒன்றையும் விட்டுவிடுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? இரண்டாக எழுதினார்கள். நாங்கள் பொருத்தம் பார்த்து எடுத்துவைப்போம். எடுத்துவைத்தது இருக்கிறதே என்பதற்காகவே ஏறியதும் உண்டு.

போனக்காட்டுக்கும் வித்துராவுக்கும் ரத்ததான முகாமுக்குப் போவோம். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளும் பெண்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். விரலில் குத்திப் பார்த்து, ரத்தம் குறைவு, கொடுக்க முடியாது என்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு திருப்பி அனுப்புவோம். எங்கள் நடைமுறை அத்தோடு முடிந்தது. கொடுக்க முடியாத அளவுக்கு ரத்தம் குறைந்தவருக்கு அந்தக் குறைவு எதனால் என்று கேட்பது வேறு துறை. அந்தத் துறை முகாமுக்கு வரவில்லை.

இதெல்லாம் சொல்வதற்குக் காரணம், பகவதியைப் பரிசோதித்த டாக்டரம்மா ஆரம்பித்ததே அந்த வேறு துறையிலிருந்துதான்.

5

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும். தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசிக் கற்ற ஒரு தமிழ் வைத்திருந்தார். ரத்தப் பரிசோதனையின் முடிவு மேசையில் இருந்தது. ஹீமோகுளோபின் எட்டரை.

நான் முந்திக்கொண்டேன். குரூப் இன்னது, ஆட்கள் வந்திருக்கிறார்கள், எத்தனை யூனிட் எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பகவதியிடம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பகவதிக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. வருஷக்கணக்காக ஒரு நாள் தவறாமல் விழுங்குவதைப் பெருமையோடு சொன்னாள்.

"எங்கனெ கழிக்கும், அம்மா? வெள்ளத்திலா?" கழிப்பது என்றால் இங்கே விழுங்குவது, வெள்ளம் என்றால் தண்ணீர்.

"காப்பியிலதான். காலையில முதல் டிகாக்ஷன்ல."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். காப்பி அந்த இரும்பை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது என்று விளக்கினார். பிறகு வேறு என்ன மாத்திரை என்று கேட்க, இடுப்பு வலிக்கு விழுங்கிய வில்லைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவை வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கலாம், உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதாவது ஒரு பக்கம் ஓட்டை, மறு பக்கம் நிரப்புகிற குழாயை அடைத்தபடி அம்பாசமுத்திரத்துக் காப்பி. மூன்று தலைமுறையாக எங்கள் இரு குடும்பங்களிலும் எந்த மாத்திரையும் காப்பியில்தான் போயிருக்கிறது. தண்ணீரில் விழுங்கினால் மாத்திரைக்கு மரியாதை இல்லை என்பது போல.

அப்போதுதான் ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. பகவதியின் ரத்தத்தோடு வழக்கமான பொருத்தம் பார்த்ததில் ஒத்துப்போகவில்லை. முன்பு எப்போதோ ஏற்றிய அந்நிய ரத்தத்தை எதிர்த்து அவள் உடம்பு உண்டாக்கி வைத்த எதிர்ப்புப் பொருள் இன்னும் இருக்கிறது. குரூப் ஒன்றாக இருந்தாலும் பெரும்பாலானவர்களின் ரத்தம் அவளுக்கு ஆகாது. பொருந்துகிற பையைத் தேடத்தான் வேண்டும். கிடைக்கலாம், நேரமாகலாம்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் கோமதி பிறந்தபோது பகவதிக்குப் பாளையங்கோட்டையில் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒன்று யாரோ முகம் தெரியாதவர் கொடுத்தது. மற்றது சுடலைமுத்து கொடுத்தது.

டாக்டரம்மா நிலைமையைச் சுருக்கமாகச் சொன்னார். இருப்பே குறைவு. அறுவையில் இன்னும் இழப்பு இருக்கும். அவசரத்துக்கு ஏற்ற ரத்தம் உடனே கிடைக்காது. இப்போது செய்தால் ஆபத்து, அதனால் இப்போது செய்யவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்து, நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றி, அவள் உடம்பே ரத்தம் ஊறவைக்கட்டும். சில வாரங்கள் கழித்து வாருங்கள்.

சரி என்று எழுந்தேன். விதிமுறை சரியாக இருந்தால் எனக்கு மறுபேச்சு வராது. வெளியே வந்து இசக்கியிடம், தேதி தள்ளிப்போகிறது, ரத்தம் வேண்டியதில்லை என்றேன். விருப்பமிருந்தால் பொது இருப்புக்குக் கொடுங்கள் என்றும் சொன்னேன். அவன் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்.

"எங்க ரத்தம் ஆகாதுன்னு சொல்லுதாவளா அண்ணாச்சி? பாண்டி ரத்தம்னா?"

பாண்டி என்பது இங்கே தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற பெயர். அப்படி இல்லை என்று பொருத்தம், எதிர்ப்புப் பொருள் எல்லாவற்றையும் ஆரம்பித்தேன். வராந்தாவில் நின்று விளக்கக்கூடிய விஷயம் அல்ல அது. அவன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

6

அன்று மாலை கோமதி கொச்சியிலிருந்து பேசினாள். அவளும் இசக்கியின் கட்சி. "அப்பா, ஒரு ப்ளட் பேங்க்கையே நடத்திட்டு, அம்மாவுக்கு ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ண முடியலைன்னா எங்ஙன? வேற ஹாஸ்பிட்டல் போலாம். அவங்க ஏத்திட்டு உடனே செய்வாங்க." செய்வார்கள்தான். எனக்கே நாலு பேரைத் தெரியும். ஒரு தொலைபேசி அழைப்பில் காரியம் நடக்கும். அதுதான் யோசிக்க வைத்தது.

முடிவைப் பகவதிதான் எடுத்தாள். காத்திருந்தால் வலி, அவசரப்பட்டால் ஆபத்து என்று இரண்டு பக்கத்தையும் அவளிடம் வைத்தேன். "எழுந்திருக்கணும்னுதான் படுக்கப் போறேன். இந்தப் பொண்ணு சொல்லுதபடியே ஆவட்டும்," என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "முத்து குடுத்த ரத்தந்தான் காரணம்னு அவன்ட்ட சொல்லிராதிய. அதச் சொல்லிச் சொல்லித்தான் இத்தன காலம் பவுசா இருக்கான்."

அது உண்மை. அக்கா உடம்பில் ஓடுவது என் ரத்தம் என்று சொல்லாமல் அவன் எந்த விசேஷ வீட்டிலிருந்தும் கிளம்பியதில்லை. சிவப்பணு நாலு மாதம் கூட முழுசாக இருக்காது என்று எத்தனையோ முறை வாய் வரை வந்து நிறுத்தியிருக்கிறேன். இப்போதும் காரணம் அவன் பாட்டிலா, முகம் தெரியாதவர் பாட்டிலா, கர்ப்பத்தில் குழந்தையின் ரத்தத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நான் சொல்லாமலிருப்பது பொய்யும் ஆகாது. தவிர, அவன் பத்திரிகை படிக்கிறவனும் இல்லை.

வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்ததில் சின்னப் புண் இருந்தது. வலி வில்லைகள் நிறுத்தப்பட்டன. புண்ணுக்கு மருந்து. வெறும் வயிற்றில் காப்பி கூடாது. இரும்பு மருந்து, தேநீர் நிறத்தில் ஒரு பையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. இரண்டு தடவை. பக்கத்தில் நான். இங்கே நோயாளிக்குத் துணையாக இருப்பவரை பைஸ்டாண்டர் என்று சொல்வார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறவர் என்று அர்த்தம். எனக்கு ஆயுளில் கிடைத்த பதவிகளில் மிகப் பொருத்தமான பெயர் அதுதான். அட்மிஷன் கவுண்டரில் நோயாளியின் பெயர், பைஸ்டாண்டரின் பெயர், இருவருக்கும் உறவு என்ன, மாநிலம் எது என்று கேட்டார்கள். நான் கேரளம் என்றேன். அந்தப் பெண் என் மலையாளத்தைக் கேட்டுவிட்டுத் தமிழ்நாடு என்று எழுதினாள். திருத்தவில்லை. ஓய்வு பெற்ற பின் நான் கற்ற முதல் நடைமுறை அது.

அந்த வாரங்களில் வலி வில்லை இல்லாமல் பகவதி பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. காலையில் அரை டம்ளர் கஞ்சி குடித்த பிறகுதான் காப்பி. அந்தக் கஞ்சியை அவள் பார்த்த பார்வை மட்டும் ஞாபகம்.

7

ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியதும் தேதி வந்தது. ரத்த வங்கியில் தேடிப் பொருந்திய இரண்டு பைகளைப் பகவதி பெயருக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அது போதும். குளிர்பெட்டியில் நம் பெயர் எழுதிய பை இருக்கிறது என்றால் வெளியே நிற்கிறவனுக்கு ஒரு தைரியம். அறுவையில் ரத்தம் அதிகம் கசியாமலிருக்க முன்கூட்டியே ஒரு ஊசி. பரிசோதனைக்கு எடுக்கும் ரத்தத்தைக்கூடக் குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் எடுத்தார்கள். எங்கள் காலத்தில் காலை ஒன்று, மாலை ஒன்று என்று பெரிய குழாயில் உறிஞ்சிவிட்டு, ரத்தம் குறைகிறதே என்று ஏற்றுவோம்.

அறுவை முடிந்த மறுநாள் அளவு எட்டுக்கு இறங்கியிருந்தது. கோமதி வந்திருந்தாள். நானும் அவளும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணைப் பார்த்தோம். அவள் கொச்சியில் கற்ற மலையாளத்தில் டாக்டரம்மாவிடம் வேகமாகப் பேசினாள். எனக்கு முழுதும் புரிந்தது. பயத்துக்கு எல்லா மொழியிலும் ஒரே வேகம்தான். நானும் சேர்ந்துகொண்டேன். பை இரண்டும் அங்கேயே இருக்கின்றன, பொருத்தம் பார்த்தாயிற்று, எட்டு என்றால்...

டாக்டரம்மா பகவதியின் நாடியைப் பிடித்தபடி நின்றார். தலை சுற்றுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். எதற்கும் இல்லை. கட்டிலில் எழுந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். கால்களைக் கீழே தொங்கவிட்டாள்.

"நம்ம ட்ரீட் செய்யுன்னது நம்பரை அல்லல்லோ ஸாரே. ஆளை அல்லே? வேணும்னா ஒண்ணு கொடுத்துட்டுப் பார்க்கலாம். இப்போ வேண்டா. நாளைக்கு நோக்காம்."

ஒன்று. கொடுத்துவிட்டுப் பார்க்கலாம். எங்கள் பெரிய டாக்டர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

நாளைக்கு என்ற அந்த ஒரு நாள் நீளம்தான். நான் கட்டிலருகே நின்று பகவதியின் உதட்டு நிறத்தையும் நகக்கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள், "எழவு வீட்ல நிக்குத மாரி நிக்காதிய. உக்காருங்க," என்றாள். குரலில் வழக்கமான அதிகாரம் இருந்தது. அதற்குப் பிறகு நான் எண்ணைக் கேட்கவில்லை. மறுநாள் அது இறங்கவில்லை. அடுத்த நாள் வாக்கரைப் பிடித்து நாலு அடி வைத்தாள். இரண்டு பைகளும் அவள் பெயர் நீக்கப்பட்டுப் பொது அலமாரிக்குத் திரும்பின. இந்நேரம் வேறு யாருடைய உடம்பிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

8

இவ்வளவும் முடிந்து வாரக்கணக்கான பிறகுதான் சுடலைமுத்துவின் விசாரணை. ஸ்பீக்கரில் பேசினான். பகவதி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை உறுத்தியது அவன் பேச்சு அல்ல. இசக்கி அன்றிலிருந்து எங்கள் தெருப் பக்கமே வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்றாள்.

நான் ஓட்டலுக்குப் போனேன். இசக்கி கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசிக்கொண்டிருந்தான். கையை நிறுத்தவில்லை.

"ரத்தம் குடுத்தவனுக்குத்தான் அண்ணாச்சி சாப்பாடு. குடுக்காம வந்து எப்படித் திங்க?"

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். பகவதி என் போனை வாங்கி அவனை அழைத்தாள். நீண்ட பேச்சு இல்லை. "ஏலே இசக்கி, குடுக்கத்தானல வந்திய? எடுக்காம விட்டது அவிய பாடு. வாரது உன் பாடு. தேங்காப்பால் ஊத்திச் சொதி வைக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஏழு பேரும் வந்தார்கள். அன்று போலவே குளித்துத் தலைவாரி. கூடத்தில் பாய் விரித்து இலை போட்டேன். பகவதி உள்ளேயிருந்து சோற்றுச் சட்டியோடு வந்தாள். வாக்கர் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்தது. இசக்கி இலையிலிருந்து எழப் பார்த்தான், சட்டியை வாங்குவதற்காக. அவள் கண்ணாலேயே உட்கார வைத்தாள். முதல் இலையிலிருந்து கடைசி இலை வரை, ஒவ்வொரு இலையிலும் குனிந்து பரிமாறி நிமிர்ந்து அடுத்ததற்குப் போனாள். நான் சுவரோரம் பைஸ்டாண்டராக நின்றுகொண்டிருந்தேன்.

சொதி வரும்போது சுடலைமுத்து மறுபடி அழைத்தான். என் கை அப்பளத்தட்டில் இருந்ததால் இசக்கியை எடுக்கச் சொன்னேன். சாப்பிடுகிற கையை உயர்த்தி வைத்துக்கொண்டு இடது கையில் போனை எடுத்தான்.

"ஆமா மாமா, நாந்தான். இங்கதான் இருக்கேன். சாப்பிடுதோம். மதினி நிக்காவ. நின்னு பரிமாறுதாவ."

அந்தப் பக்கம் என்ன கேட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு சொட்டும் ஏற்றவில்லை என்பதை இன்னும் நம்பாமல், அப்போ கடைசியில் யாரு ரத்தம்லே ஏத்துனாவ என்றான்.

இசக்கி பகவதியை நிமிர்ந்து பார்த்தான். அவள் இரண்டாவது கரண்டி சொதியை அவன் இலையில் ஊற்றிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"யாரு ரத்தமும் இல்ல மாமா," என்றான். "அவிய ரத்தந்தான்."